மட்டம்

மாநகர சபையில் அனுமதி தந்தார்கள்,
சோக்கால் மட்டும் கீறலாம் என்று.
பெயின்ற் என்றால்
சுவர்க்காரர்கள் கடிதம் எழுதுவார்களாம்.

ஆகவே முப்பது பெட்டி நீலச் சோக்கு,
மேசன் சதானந்தனிடம் இரவல் வாங்கிய
தண்ணீர்க் குழாய் ஒன்று,
அதன் மறுமுனையைப் பிடிக்க என் தம்பி கோகுலராஜ்.
வாவித் தண்ணீரையே குழாயில் நிரப்பினோம்.
தண்ணீரின் கோட்டைத்
தண்ணீரிடம்தானே கேட்கவேண்டும்.

இந்த நூற்றாண்டு முடிகிறபோது
பெருக்கு நாளொன்றில் கடல் ஏறி நிற்கக்கூடிய உயரம்.
கணக்கு என்னுடையதல்ல,
ஓர் அறிக்கையில் கிடந்தது, அட்டவணையின் ஏழாம் நிரலில்.
கோடு மட்டும் என்னுடையது.

கோடு நேராகத்தான் போகிறது.
ஊர்தான் அதன்கீழ் ஏறி இறங்குகிறது.
தபால் கந்தோர்ச் சுவரில் கணுக்கால்.
பஸ் நிலையத்தில் முழங்கால்,
பொதி வைக்கும் வாங்கு நனைந்துவிட்டது.
மீன் சந்தையில் இடுப்பு. அங்கே
கத்தியைத் துடைத்தபடி ஒருவர்
"அப்ப மீன் தானா வந்திரும்" என்றார்.
யாரும் சிரிக்காததால் மறுபடி சொன்னார்.
கோட்டை மதிலில் சோக்குப் பிடிக்கவில்லை.
முருகைக்கல் தூளாக உதிர்த்துத் தள்ளியது,
ஏற்கெனவே ஒருமுறை கடலில் இருந்த கல்.

சலூன் றெமீஜியஸ்
கண்ணாடியைக் கழற்றி ஓரடி உயர்த்தி மாட்டினார்.
இப்போது அங்கே உட்காருபவர்களுக்கு
நெற்றி மட்டும் தெரிகிறது.
ஒரு காணித் தரகர் பின்னாலேயே வந்தார்,
கோடு தொடாத வளவுகளைக்
கொப்பியில் குறித்துக்கொண்டு.

ஊரின் பெயரிலேயே மட்டம் இருக்கிறது.
பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்.
ஒருநாளும் பிரித்து வாசித்ததில்லை.

பாலம் கடந்து நாவலடி.
அங்கே சுவர்கள் குறைவு.
நின்ற ஒன்று தவமலரக்காவுடையது.
நெஞ்சுக்கு நேரே நீலம் இழுத்தேன்.
வந்து பார்த்தார். விரலால் தொட்டு
விரலைப் பார்த்தார்.
"இவ்வளவுதானாகா?"

என் கையிலிருந்த சோக்கை வாங்கினார்.
கதிரை கொண்டுவந்து ஏறினார்.
எட்டவில்லை.
கூரைக்கும் மேலே, தென்னையைக் காட்டினார்
சோக்குப் பிடித்த கையால்.
திகதி சொல்லவில்லை.
அங்கே யாருக்கும் அது தேவையில்லை.

இறங்கி, கதிரையைத் துடைத்துவிட்டுக் கேட்டார்:
"அது வந்திட்டுப் போன தண்ணி.
இது போகுமாகா?"

குழாய்க்குள் தண்ணீர் கொஞ்சம் ஆடி
நின்றது.
நான் சோக்குப் பெட்டியை மூடினேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது.
மூன்று இரவில் நீலம் வடிந்து
வாவிக்குப் போயிற்று.
படுவான்கரையில் வயல் தாழ்கிறது,
முகத்துவாரத்தை வெட்டுங்கள் என்றார்கள்.
இறால் போய்விடும், பொறுங்கள் என்றார்கள் மற்றவர்கள்.
வருடா வருடம் வருகிற சண்டை.
மணலை வெட்டினால் வாவி கடலுக்குள் இறங்கும் என்பதில் மட்டும்
இரண்டு பக்கத்துக்கும் சந்தேகமில்லை.
கடல் உயர்ந்து நிற்கும் ஆண்டில்
அந்த மண்வெட்டி எந்தப் பக்கம் பார்க்கும் என்று
ஒரு படம் வரைய நினைத்தேன்.
தாள் ஈரமாக இருந்தது.

வெள்ளம் வற்றியபின் நகரில்
மண்ணிறத்தில் ஒரு கோடு
சந்தைச் சுவரிலிருந்து பஸ் நிலையம் வரை,
யாரிடமும் அனுமதி கேட்காமல்.
நேர்த்தியான கை. ஒரு பிசகில்லை.

றெமீஜியஸின் சலூனுக்குள்
மழை படாத மூலையில்
என் நீலம் ஒரு சாண் மிச்சமிருந்தது.
இரண்டுக்கும் இடையில் தம்பி கையை வைத்தான்.
நாலு விரல்.
பிறகு, ஈரத்தில் கை ஊதியிருக்கிறது என்று சொல்லி
மறுகையை வைத்துப் பார்த்தான்.